மொட்டை மாடியில் ஊற்றியது உங்கள் சொம்புக்கே வரும்!

‘‘ஆயுத பூஜை வருது... பின்னாடியே மழையும் வந்துடும். அதுக்குள்ள மொட்டை மாடியைப் பளிச்சுனு கழுவி விட்டுடணும்!’’

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் தவறாமல் கேட்கிற வசனம் இது. தாம்பரம் பக்கம் இருக்கிற என் அத்தையும் இதைத்தான் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து மாடி முழுக்கத் தூவச் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் தேய்த்தும் மூலையில் இருந்த கரும்பாசி மட்டும் அசையவில்லை. ‘‘பாத்ரூம்ல ஆசிட் இருக்கு, அதையும் கொஞ்சம் ஊத்திப் பாரேன்’’ என்றார், வேலைக்கு வரும் அம்மாவிடம்.

அவ்வளவுதான். குபுகுபுவென்று நுரை. கூடவே மூக்கைத் துளைக்கும் நெடி. அந்த அம்மா இருமிக்கொண்டே கீழே ஓடி வந்தவர், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் கோவைப்பழம். நல்ல வேளை, திறந்த மாடியாக இருந்ததால் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. ‘ஆண்டவன் காப்பாத்தினான்’ என்று எல்லோரும் பெருமூச்சு விட்டு, பத்துப் பக்கெட் தண்ணீரை ஊற்றி மாடியைக் கழுவித் தள்ளிவிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை.

மறுநாள் காலை, பேரன் ஆசையாக வளர்க்கிற கப்பி மீன்களுக்குத் தொட்டித் தண்ணீர் மாற்றினார்கள். பத்து நிமிஷத்தில் அத்தனையும் மல்லாந்துவிட்டன. குளித்துவிட்டு வந்த பேரன் கண் எரிகிறது என்று அழுதான். மாமாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனால், அவர் பையனின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: ‘‘வீட்டுல தண்ணியில ஏதாவது கலந்தீங்களா?’’

யாரும் கலக்கவில்லை. ஆனால் கலந்திருந்தது! மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் நேராகக் கீழே சம்ப்புக்குத்தான் போகிறது. முதல் நாள் கழுவிவிட்ட அத்தனையும் அந்தக் குழாய் வழியாகவே இறங்கி, குடிக்கவும் குளிக்கவும் வைத்திருந்த தண்ணீரில் சேர்ந்துவிட்டது. குழாய் அங்கே போகிறது என்பதை அத்தை மறந்தே போயிருந்தார்.

உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது? சட்டென்று சொல்ல முடிகிறதா?

மாடி வேறு, கிணறு வேறு இல்லை!

2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அன்றைக்குக் குழாய் பதித்தவர் ஒருவர், இன்றைக்குக் குடியிருப்பவர் ஒருவர். மாடித் தண்ணீர் சிலர் வீட்டில் சம்ப்புக்குப் போகும், சிலர் வீட்டில் கிணற்றுக்கு, சிலர் வீட்டில் சுவரோரக் கசிவுக் குழிக்கு. எங்கே போனாலும் கடைசியில் அது நாம் புழங்குகிற தண்ணீர்தான்.

‘எங்க வீட்டுல அதெல்லாம் இல்லை, தெருவுக்குத்தான் போகுது’ என்கிறீர்களா? தெருவோர மழைநீர் வடிகால் என்பது சாக்கடை இல்லை. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஏரிக்கும் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகும். குளோரின் விஷயத்தில் மீன்கள் மகா பலவீனமானவை. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இருக்கிற கொஞ்சூண்டு குளோரினையே தாங்காமல்தான், மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து தொட்டியில் விடுகிறார்கள். கிலோ கணக்கில் போனால்?

ஒரு கிலோ என்பது எவ்வளவு?

கிணற்றைச் சுத்தப்படுத்த நம் சுகாதாரத் துறையினர் கையாளும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1,000 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஒரு கிலோ பவுடர் 4 லட்சம் லிட்டர் தண்ணீருக்குக் காணும்! அதை ஒரே மாடியில் தூவி, 10,000 லிட்டர் சம்ப்புக்குள் கழுவிவிட்டால் என்ன ஆகும்? வெயிலிலும் பாசியிலும் அழுக்கிலும் பாதிக்கு மேல் செலவாகிப் போனால்கூட, மிச்சம் இருப்பது அளவுக்குப் பல மடங்கு அதிகம்.

‘எங்க வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருக்கே, அது பார்த்துக்கும்’ என்று இருந்துவிடாதீர்கள். அதிகக் குளோரின் அந்த மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையே அரித்துவிடும். முன்னால் இருக்கிற கரி வடிகட்டியும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். தவிர, குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் யாரும் மெஷினில் பிடிப்பதில்லையே!

பொங்குவது அழுக்கா?

‘ஆசிட் ஊத்தினா எப்படிப் பொங்குது பாரு, அழுக்கெல்லாம் கரையுது!’ என்று நினைக்கிறோம். உண்மையில் பொங்குவது உங்கள் மாடிதான். சுண்ணாம்பிலும் சிமென்ட்டிலும் இருக்கிற கால்சியம் கார்பனேட்டை ஆசிட் கரைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அதுதான் அந்த நுரை.

பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற பூச்சை ஆசிட் தின்றுவிட்டால் அந்த இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். இரண்டு வருஷம் கழித்து, படுக்கையறைச் சுவரில் ஈரம், பூஞ்சை, குழந்தைக்கு ஓயாத சளி என்று நிற்பீர்கள். பாசிக்காக ஊற்றிய ஆசிட்தான் அதற்கு வழி செய்தது என்று அப்போது யாருக்கும் தோன்றாது. தகரக் கூரையில் ஆசிட் பட்டால் மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு கரைந்து தண்ணீரோடு போகும், தகரமும் துருப்பிடிக்கும். ஆகவே கூரை எதுவானாலும் ஆசிட் வேண்டாம். இதில் பேரமே கிடையாது.

இரண்டும் சேர்ந்தால்...

அத்தை வீட்டு மாடியில் எழுந்த அந்த நெடி என்ன? பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு உண்டாகிறது. 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுவைத்தான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழும், படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவரின் முகம் எங்கே இருக்கும், யோசியுங்கள்!

அமோனியா கலந்த கிளீனரும் பிளீச்சிங்கும் சேர்ந்தாலும் இதே போல மூச்சை அடைக்கும் வேறொரு வாயு வரும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி: புறா எச்சம் மக்கும்போதும் அமோனியா உண்டாகும். எச்சம் குவிந்த இடத்தில் நேராகப் பிளீச்சிங் போடக் கூடாது. முதலில் எச்சத்தை அகற்றி, வெறும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையைச் செய்வது நாம் இல்லை. சம்பளத்துக்கு வருகிற ஓர் அம்மாவோ, நாள் கூலிக்கு வருகிற ஓர் அண்ணனோ. வெறும் கால், வெறும் கை. ‘கொஞ்சம் ஊத்திப் பாரேன்’ என்று நாம் கீழே இருந்து சொல்லிவிடுகிறோம். மூச்சு அடைப்பது அவர்களுக்கு. ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், ரப்பர் செருப்பும், கண்ணாடியும் வாங்கித் தருவது தர்மம் இல்லை, நம் கடமை.

சரி, எப்படித்தான் கழுவுவது?

பயந்துபோய் மாடியைக் கழுவாமலே விட்டுவிடாதீர்கள். பாசி வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்கள் எத்தனை பேர்! வடாம் காயப் போடுகிற இடம் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். வழி இருக்கிறது.

முதலில் குழாய். மாடியில் தண்ணீர் இறங்கும் ஓட்டை எத்தனை, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பாருங்கள். தெரியவில்லையா? ஒரு பக்கெட் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே எங்கே சத்தம் கேட்கிறது என்று ஓர் ஆளை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். சம்ப்புக்கோ கிணற்றுக்கோ போகிற குழாயில் திருப்பிவிடும் வால்வு இருந்தால் வெளிப்பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் பழந்துணியைப் பாலிதீன் பையில் சுருட்டி, ஓட்டையில் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். காலண்டரில் ‘துணி எடுக்கணும்’ என்று எழுதியும் வையுங்கள். மறந்துவிட்டால் முதல் மழையில் மாடி குளமாகிவிடும்!

அடுத்து துடைப்பம். நல்ல வெயில் நாளில், சருகு, மண், காய்ந்த பாசி எல்லாவற்றையும் பெருக்கிச் சாக்கில் அள்ளுங்கள். புறா எச்சம் இருக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டுக்கொண்டு ஈரமாகவே அள்ள வேண்டும். காய்ந்த எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, கைபலம். பாசியின் மேல் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நீளக் கம்பு வைத்த முரட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். தொட்டிச் செடிகள் ஒழுகி ஒழுகித்தான் பல மாடிகளில் பாசி பிடிக்கிறது. தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்து, இடத்தை மாற்றி, வெயில் படவிட்டால் பாசி தானே காயும். மருந்து கலக்காமல் கழுவிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் தாராளமாக விடலாம்.

கடைசியாகத்தான் பிளீச்சிங். அதுவும் பாசி போகாத இடத்துக்கு மட்டும். தூவவே கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் பவுடர் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷால் பாசி மேல் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, தேயுங்கள். ஓரிரண்டு மூலைகளுக்கு ஐந்து லிட்டர் தாராளம். கணக்குப் போட்டால் 75 கிராம். ஒரு கிலோ எங்கே, 75 கிராம் எங்கே! காற்று எதிர்த்து அடிக்கும் பக்கம் நிற்காதீர்கள். துணி காயும் கொடி, துளசி மாடம், கீரைத் தொட்டி, தண்ணீர் டேங்க்கின் மூடி எல்லாவற்றையும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீரை என்ன செய்வது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். தேய்த்து முடித்ததும் ஹோஸ் பைப்பைத் திருப்பாதீர்கள். பழந்துணியால் ஒற்றி எடுத்து, பக்கெட்டில் பிழியுங்கள். அந்த இடத்தை இன்னும் இரண்டு முறை தண்ணீர் தெளித்து ஒற்றி, அதையும் பக்கெட்டிலேயே சேருங்கள். குழந்தைகளும் நாயும் பூனையும் எட்டாத இடத்தில், வெயிலில் திறந்து வையுங்கள். வெயில் குளோரினுக்குப் பரம எதிரி. சில நாட்களில் சிதைத்துவிடும்.

நெடி போய்விட்டதா என்று மூக்கை வைத்துப் பார்க்க வேண்டாம். ஊரில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள் இல்லையா? அந்தச் சின்னச் சோதனைப் பெட்டி கடைகளிலும் கிடைக்கும். நிறம் மாறாவிட்டால் குளோரின் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பிறகு பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடானால், கழிவறையில் கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீரோடு ஊற்றலாம். ஆனால் அன்றைக்குக் கழிவறையில் ஆசிட் கிளீனர் ஊற்றி வைத்திருக்கக் கூடாது! செப்டிக் டேங்க் உள்ள வீடானால், குளோரின் முழுக்கத் தீர்ந்த பிறகே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் டேங்க்கில் கழிவை மக்க வைக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போய், டேங்க் நாற ஆரம்பித்துவிடும். கிணற்றோரம், செடி, தெரு வடிகால் மூன்றும் எப்போதுமே கூடாது.

எல்லாம் முடிந்ததும் உடனே குழாயைச் சம்ப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். முதல் இரண்டு நல்ல மழையை வெளியே விட்டுவிடுங்கள். மருந்தே போடாத மாடியிலும் ஒவ்வொரு மழையின் முதல் தண்ணீர் தூசியும் எச்சமுமாகத்தான் வரும். 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93 லிட்டர் தண்ணீர். முதல் 2 மில்லிமீட்டரை ஒதுக்கினால் போதும் என்றால், ஒரு 200 லிட்டர் டிரம் பிடிக்கும் அளவுதான். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சேமியுங்கள்.

கூரைக்குக் கூரை...

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடா? கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினும் வேண்டாம். ஷீட் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றிலும் தண்ணீரிலும் கலக்கும். அந்த இழை நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். அதைத் தேய்க்காமல் விடுவதே மேல். அந்தக் கூரைத் தண்ணீரைக் குடிக்கவும் பிடிக்க வேண்டாம்.

வெயிலுக்காக வெள்ளைப் பூச்சு அடிப்பவர்கள், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பாசி பிடிக்காமல் இருக்கச் சில பூச்சுகளில் கிருமிக்கொல்லி சேர்ப்பார்கள். சொன்ன நாள் வரை காயவிட்டு, அதன் பிறகு வரும் முதல் மழைகளை வெளியே விட வேண்டும். பிரஷ் கழுவிய தண்ணீரையும் மழைநீர்க் குழாயில் விடக் கூடாது. ‘மயில்துத்தம் கரைச்சுத் தெளிச்சா பாசியே வராது’ என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அதில் இருக்கிற செம்பு, குளோரினைப் போல வெயிலில் சிதையாது. மீனுக்கும் விஷம்.

தப்பித் தவறி நடந்துவிட்டால்...

நெடி ஏறிவிட்டதா? முதலில் ஆளை நல்ல காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். துடைக்கிறேன், கழுவுகிறேன் என்று நீங்கள் மேலே ஓடாதீர்கள். ஆடையில் பட்டிருந்தால் கழற்றிவிட்டு, தோலை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சை எதுவும் கண்ணில் விட வேண்டாம். குழந்தை வாயில் வைத்துவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும். உடனே ஆஸ்பத்திரிதான். எந்த மருந்து என்று காட்ட, டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

முக்கியமான விஷயம்: ‘இப்ப சரியாப் போச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். குளோரின் வாயுவைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் என்றால் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

சம்ப்புக்குள் போய்விட்டது என்று சந்தேகமா? மோட்டாரைப் போடாதீர்கள். மாடி டேங்க்குக்கு ஏறிவிட்டால் வீட்டுக் குழாய் முழுக்கப் பரவிவிடும். கொதிக்க வைத்துக் குடிப்பதும் பரிகாரம் ஆகாது. குளோரின் ஓரளவு போகலாம், கூடப் போன ஆசிட்டும் உப்பும் மற்றதும் போகாது. சம்ப்பைக் காலி செய்து, கழுவி, புதுத் தண்ணீர் பிடிப்பதுதான் வழி. அந்த வேலைக்கும் ஆளைத் தனியாகச் சம்ப்புக்குள் இறக்கிவிடாதீர்கள். மூடிக் கிடந்த சம்ப்பில் நல்ல காற்று இருக்காது. கற்றுத் தெரிந்தவர்களை வைத்தே செய்யுங்கள்.

அத்தை வீட்டில் சம்ப் காலி செய்து, கழுவி, லாரித் தண்ணீர் வாங்கி, பேரனுக்குச் சொட்டு மருந்து போட்டு எல்லாம் சரியாவதற்கு ஒரு வாரம் ஆனது. இந்த வருஷமும் புரட்டாசி வந்தது. மாடி கழுவும் நாளும் வந்தது. வேலைக்கு வரும் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு நின்றார். அத்தை ஆசிட் பாட்டில் பக்கமே போகவில்லை. பழந்துணியும் பாலிதீன் பையுமாக அவரே மேலே ஏறிப் போய், குழாய் வாயில் குனிந்து அடைத்துக்கொண்டிருந்தார்.

புதுசாக வாங்கிய கப்பி மீன்களுக்குத் தண்ணீர் மாற்ற வந்த பேரன் கேட்டான்: ‘‘பாட்டி, குழாயை மூடிட்டியா?’’